கடலில் கலக்கும் நீர் வீணா?

மேட்டூர் அணை நிரம்பும் ஆண்டுகளிலெல்லாம் நமது ஜில்லாவில் ஒரு கூக்குரல் எழுவது வழக்கம். ஒகேனக்கல்லில் பாறைகள் மறையும்படி காவிரி புரண்டோடும், பரிசல்கள் கரையேற்றப்படும், அருவியில் நீராட வந்தவர்கள் தடுத்து நிறுத்தப்படுவர். ஆற்றில் இவ்வளவு வெள்ளம் போகும்போதே, அதியமான்கோட்டையைச் சுற்றியுள்ள பல ஊர்களில் ஏரிகள் தரை வெடித்துக் கிடக்கும். 2018-லும் 2022-லும் 2024-லும் இந்தக் காட்சியைக் கண்டோம். இதைக் கண்ட ஒருவர், "இத்தனை நீரும் கடலில் வீணாகக் கலக்கிறதே!" என்று வயிறெரிந்து சொல்வது இயற்கையே. மேடைகளிலும் பத்திரிகைகளிலும் சட்டசபையிலும் இந்தச் சொற்றொடர் இன்று ஒரு மந்திரம் போல் ஆகிவிட்டது.

அந்த வயிற்றெரிச்சலில் நமக்கும் பங்குண்டு. தருமபுரி ஜில்லாவின் தாகம் கற்பனையன்று. நமது கிணற்று நீரில் புளோரைடு மிகுந்திருப்பதால், பற்களில் கறையும் எலும்புகளில் கோளாறும் பெற்று வாழ்ந்தவர்கள் ஒரு தலைமுறையினர் அல்லர். 2008-இல் அஸ்திவாரமிடப்பட்டு 2013-இல் துவக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தக் குறையை ஓரளவு போக்கியிருக்கிறது. காவிரியின் உபரி நீரை நமது ஏரிகளுக்குக் கொண்டுவர வேண்டும் என்று இந்த ஜில்லாவின் ஜனங்கள் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். அக்கோரிக்கை நியாயமானது, அதை நாம் முழு மனதுடன் ஆதரிக்கிறோம். நாம் ஆட்சேபிப்பது ஒரே ஒரு சொல்லை. அது "வீண்" என்னும் சொல்.

கடலில் கலக்கும் நீர் வீண் அன்று. அந்த நீரை நம்பி ஒரு ஜன சமூகம் ஜீவிக்கிறது. அவர்களை நாம் கண்டதில்லை என்பதற்காக அவர்கள் இல்லை என்று ஆகிவிடாது.

மலையும் கழியும்

அதியமான்கோட்டைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் சாலையில் உள்ள இவ்வூர், ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவன் ஆண்ட தகடூர் நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. ஆயினும் கடல் இல்லாமல் எந்த நாடும் உண்டு வாழ்ந்ததில்லை. நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றி, மேட்டிலும் பள்ளத்திலும் எருதுகள் இளைக்க உள்நாட்டுக்குக் கொண்டுவந்த உமணர்களைச் சங்க நூல்கள் பாடுகின்றன. அன்று கழியின் செல்வம் மலைக்கு வந்தது. மலையின் செல்வமாகிய நீர் அன்றும் இன்றும் கழிக்குச் செல்கிறது.

கர்நாடகத்திலிருந்து வரும் காவிரியைத் தமிழ் நாட்டின் எல்லையில் அளக்குமிடம் பிலிகுண்டுலு. அங்கிருந்து ஒகேனக்கல்லில் விழுந்து, மேட்டூரில் தேங்கி, முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து, கல்லணையில் மேலும் கிளைத்துப் பாய்ந்து, அவ்வாறு அது போய்ச் சேரும் கடைசி இடங்களில் இரண்டை இங்கே குறிப்பிடுவோம். ஒன்று கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடையேயுள்ள பிச்சாவரம். மற்றொன்று கோரையாறு, பாமினியாறு முதலிய கிளைகள் சென்று சேரும் முத்துப்பேட்டை. இரண்டும் உப்பங்கழிகள், இரண்டும் கடலும் ஆறும் கூடி வாழும் சதுப்பு நிலங்கள்.

கழியில் நடப்பது என்ன?

கழியை வெறும் சேறு என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அது கடலின் தொட்டில். இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகளோ அலையோடு மிதந்து முகத்துவாரத்தின் வழியே கழிக்குள் வந்து சேர்கின்றன. உப்பு குறைந்த நீரும், மரங்களின் உதிர்ந்த இலைகள் மக்கி உண்டாகும் உணவும், வேர்களுக்கிடையே மறைவிடமும் அவற்றுக்கு அங்கே கிடைக்கின்றன. சில மாதங்கள் வளர்ந்தபின் அவை மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் கடலில் பிறந்து கழியில் வளர்வதே. கொடுவாயும் நண்டும் கழியையும் கடலையும் மாறி மாறி நாடுபவை. ஆழ்கடலில் விசைப்படகு கொண்டு பிடிக்கும் இறாலிலும் கழி வளர்த்த இறால் உண்டு. ஆதலால் கழி கெட்டால், கெடுவது கழியோரத்தான் மாத்திரமல்ல. கடலில் வலைவீசுகிறவனும் சேர்ந்தே கெடுகிறான்.

இந்தத் தொட்டிலை ஆட்டும் கைகள் இரண்டு. ஒரு கை கடலின் ஏற்ற வற்றம். மற்றொரு கை ஆற்றின் வெள்ளம். ஆற்று நீர் வந்தால்தான் கழியின் உப்பு குறையும், வண்டல் சேரும், முகத்துவாரத்தை அடைக்கும் மணல் திட்டை வெள்ளம் தள்ளித் திறந்துவிடும். ஆற்று நீர் வராவிட்டால், கோடையில் கழி நீர் வெயிலில் வற்றி, கடல் நீரைவிட அதிக உப்பாகிவிடுகிறது. அந்நீரில் குஞ்சு பிழைக்காது, மரமும் தழைக்காது.

மரத்தைப் பார்த்தே இதை அறிந்துகொள்ளலாம். பிச்சாவரத்தில் சுரபுன்னையும் தில்லையும் பிறவும் கலந்து வளர்கின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்தது அம்மரமே. முத்துப்பேட்டையிலோ பெரும்பாலும் அலையாத்தி ஒன்றுதான். மிகுந்த உப்பையும் தாங்கக்கூடிய மரம் அது. மற்றவை தாங்காத இடத்தில் அது நிற்கிறது. நீர் குறைந்ததன் சரித்திரத்தை அந்தக் காடே தன் உடம்பில் எழுதி வைத்திருக்கிறது.

கழியில் பிழைப்போர்

இந்த நீரில் பிழைப்போர் யார்? முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்தார் பலர் பாதி விவசாயிகள், பாதி மீன்பிடிப்போர். வயலில் வேலையில்லாத காலத்தில் அவர்கள் கழியை நாடுகிறார்கள். கழியிலிருந்து அலையாத்திக் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி வைப்பது அவர்களுடைய பழைய முறை. நீர் ஏறும்போது மீனும் இறாலும் வாய்க்காலுக்குள் ஏறும்; இறங்கும்போது வாயில் வலையைக் கட்டிப் பிடிப்பார்கள். வெட்டிய வாய்க்காலில் அலைநீர் தினமும் போய் வருவதால் இரு கரையிலும் மரம் தழைக்கும். மீனுக்காகச் செய்த வேலை காட்டுக்கும் உதவியது.

பிச்சாவரத்தில் வாழும் இருளர்களின் முறை இதைவிட எளியது. படகு இல்லை, பெரிய வலையும் இல்லை. ஆணும் பெண்ணும் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றையும் வேர்களின் சந்துகளையும் கைகளால் துழாவி இறாலையும் நண்டையும் பிடிப்பதே அவர்களுடைய பழைய தொழில். இவ்வாறே சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழியிலும் இருளப் பெண்கள் ஓலையால் முடைந்த பறியை வாயில் கவ்விக்கொண்டு இறால் தடவுகிறார்கள். கையில் முள் குத்தும், சிப்பி கிழிக்கும், நாளெல்லாம் உப்பு நீரில் ஊறிய தோல் வெடிக்கும். நமது மலைப் பக்கங்களிலும் இருளர் வாழ்கிறார்கள் என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். மலையில் காட்டை நம்பியவரும் கழியில் சேற்றை நம்பியவரும் ஒரே குலத்தார். பழங்குடியினர் என்ற சான்றிதழைப் பெறுவதற்கே பிச்சாவரத்து இருளர்கள் நெடுங்காலம் அலைய நேர்ந்தது. அவ்வளவு எளியவர்களின் ஒரே சொத்து அந்த நீர்.

காவிரியோடு சேராவிடினும், பழவேற்காட்டு ஏரியையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. ஆங்கிலேயருக்கு முன்னரே ஒல்லாந்தர் வந்து, 1613-இல் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டிய ஊர் அது. அவ்வூரைச் சேர்ந்த பட்டினவர் கிராமங்களில் "பாடு" என்றொரு முறை உண்டு. நல்ல மீன் கிடைக்கும் இடங்களைப் பாடுகளாகப் பிரித்து, எந்த நாளில் யாருக்கு எந்தப் பாடு என்று சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிடிக்கிறார்கள். வலுத்தவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளாதபடி சர்க்கார் சட்டம் எதுவுமின்றி ஜனங்களே செய்துகொண்ட ஏற்பாடு இது. மற்றச் சமூகத்தாருக்கு இதில் இடமில்லை என்ற குறையும், அதனால் தகராறுகளும் உண்டு. அவை தீர்க்கப்பட வேண்டியவையே. ஆயினும் பொதுவான நீரை முறை வைத்து அனுபவிக்க வேண்டும் என்ற தர்மம் கழியோரத்தில் இன்னும் உயிரோடிருக்கிறது. மாநிலங்களின் மந்திரிகளும் வக்கீல்களும் அந்தக் குப்பங்களுக்குச் சென்று சில நாள் பாடம் கேட்டால் நஷ்டமில்லை.

கெடுத்தவர் யார்?

கழிகளின் நிலை ஒரே நாளில் கெடவில்லை. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். கொள்ளிடத்தில் மிகுதியாக ஓடிய நீர் காவிரிக்குத் திருப்பப்பட்டது. தஞ்சையின் வயல்கள் செழித்தன. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. சற்றேறக்குறைய 93½ டி.எம்.சி. நீர் அங்கே தேங்கலாயிற்று, ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. கர்நாடகத்தில் கிருஷ்ணராஜசாகரம் எழுந்தது; பின்னர் கபினியும் ஹேமாவதியும் ஹாரங்கியும் எழுந்தன. ஒவ்வோர் அணையாலும் யாருக்கோ நன்மை உண்டாயிற்று. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வோர் அணையின் கணக்கையும் எழுதியபோது, கழியோரத்தானின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. கடலிலிருந்து கொள்ளிடத்திலும் காவிரியிலும் எதிரேறி வந்துகொண்டிருந்த உல்லம் மீனுக்கு வழி அடைபட்டதைப் பற்றி வருந்தினவர் சிலரே.

காட்டுக்கும் இதே கதிதான். வெள்ளைக்கார சர்க்காரின் வனத்துறை விறகுக்காகப் பிச்சாவரத்துக் காட்டைக் கூப்புக் கூப்பாகப் பிரித்து மொட்டையடித்தது. மரம் போன இடத்தில் வெயில் பட்டு மண் தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளத்தில் அலைநீர் தேங்கிற்று. தேங்கிய நீர் வற்றி உப்புக் கரித்தது. பிறகு எந்த விதையும் அங்கே முளைக்கவில்லை. சுயராஜ்யம் வந்த பின்னும் 1970-களின் தொடக்கம் வரை அந்த முறையை நமது சர்க்கார் விடவில்லை என்பது வெட்கத்துக்குரிய விஷயம். அந்நியன் செய்ததை நாமும் செய்தால் அது சுதேசியமாகிவிடாது. 1990-களில் சாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரும் ஒன்றுகூடி, வாய்க்கால் வெட்டி, அலைநீர் போய் வரச் செய்தபின்னரே அந்தப் பொட்டல்களில் மீண்டும் மரம் எழுந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது அந்தக் காட்டின் பின்னிருந்த குடியிருப்புகளுக்கு அது அரணாக நின்றது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலோ முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைச் சின்னாபின்னமாக்கிவிட்டுச் சென்றது. முறிந்த காடு மீள்வதற்கும் நன்னீர் வேண்டும்.

மற்றொரு கேடு இறால் பண்ணைகள். 1990-களில் பணமுடையோர் கீழைக் கடற்கரையில் விளைநிலங்களை வாங்கி, குளம் வெட்டி, உப்பு நீரை ஏற்றி இறால் வளர்க்கத் தொடங்கினர். அதன் கழிவு நீர் ஓடைகளிலும் கழிகளிலும் விழுந்தது. சுற்றியிருந்த வயலும் கிணறும் உப்பாயின. இதை எதிர்த்துக் காந்தீய வழியில் நின்றவர்கள் ஜகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். முதிய வயதில் ஜகந்நாதன் சுப்ரீம் கோர்ட் வரை சென்று, 1996 டிசம்பரில் தீர்ப்புப் பெற்றார். கடற்கரைப் பாதுகாப்பு எல்லைக்குள் அத்தகைய பண்ணைகள் கூடாது என்றது கோர்ட். 2005-இல் பார்லிமெண்டில் வேறு சட்டம் இயற்றப்பட்டு அந்தத் தொழிலுக்கு மீண்டும் வழி விடப்பட்டது. ஏழையின் தீர்ப்பு எவ்வளவு எளிதில் இளைத்துவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

பதினான்கின் கணக்கு

காவிரி நடுவர் மன்றம் 2007-இல் கொடுத்த தீர்ப்பை நமது அன்பர்கள் நன்கு அறிவார்கள். மொத்தம் 740 டி.எம்.சி. தமிழ் நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. இவற்றைக் கூட்டினால் 726 வரும். மீதி 14 எங்கே? சுற்றுச்சூழலின் பாதுகாப்புக்கு 10. தவிர்க்க முடியாமல் கடலுக்குச் செல்வதற்கு 4. சுப்ரீம் கோர்ட் 2018-இல் தமிழ் நாட்டின் பங்கை 404¼ ஆகக் குறைத்து, கர்நாடகத்தின் பங்கை உயர்த்தியபோதும் இந்த 14-ல் கைவைக்கவில்லை.

நூறு பங்கில் இரண்டு பங்குகூட இல்லாத இந்த நீர்தான் ஆற்றின் உயிருக்கென்று சட்டம் ஒதுக்கிய பாகம். 419-க்கும் 270-க்கும் நாம் எத்தனை உண்ணாவிரதம், எத்தனை கடையடைப்பு, எத்தனை தீர்மானங்கள் கண்டோம்! இந்த 10-க்காக ஒரு கூட்டமாவது கூடிற்றா? அது எந்த மாதத்தில், எந்தக் கிளையாற்றின் வழியே, எந்தக் கழிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எந்தக் கட்சியாவது கேட்டதுண்டா? விவசாயிக்குச் சங்கமுண்டு, ஆலை முதலாளிக்குச் சங்கமுண்டு. பறியை வாயில் கவ்வி இறால் தடவுகிறவளுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

ஏரிக்காரனுக்குத் தெரிந்த நியாயம்

"மனிதனுக்கே நீரில்லாதபோது மீனுக்கு நீரா?" என்று சிலர் ஏளனம் செய்யலாம். மீனுக்கு என்று சொல்வதெல்லாம் மனிதனுக்கே என்பதை மேலே காட்டினோம். நமது ஜில்லாவின் ஜனங்களுக்கு இதை விளக்குவதும் கஷ்டமன்று. ஏரிகளின் நாடு இது. மேலேரி நிரம்பினால் கலிங்கு வழியே வழிந்து கீழேரிக்குப் போகும். அது நிரம்பி அடுத்த ஊருக்குப் போகும். மேலேரிக்காரன் கலிங்கை உயர்த்திக் கட்டினால் கீழூரார் கடப்பாரையுடன் வந்து நிற்பார்கள், பஞ்சாயத்துக் கூடும். "என் ஏரியிலிருந்து உன் ஏரிக்கு நீர் வீணாகப் போகிறது" என்று எந்த மேலூரானும் சபையில் வாய் திறந்து சொல்லத் துணியமாட்டான். காவிரியும் அத்தகைய ஒரு சங்கிலியே. அதன் கடைசி ஏரி முத்துப்பேட்டைக் கழி. அங்கே நிற்பவன் நமது கீழூரான்.

கர்நாடகம் நீரை நிறுத்தும்போது, "ஆற்றின் கீழ்ப்பகுதியார்க்கு உரிமை உண்டு" என்று முழங்குகிறோம். அதே நாவால், நமக்கும் கீழே இருப்பவனுக்குச் செல்லும் நீரை வீண் என்கிறோம். இந்த இரண்டு பேச்சும் ஒரே வாயில் பொருந்துமா? நமது உரிமைப் போராட்டத்தின் பலம் அதன் நியாயத்தில் இருக்கிறது. அந்த நியாயம் மேட்டூரோடு நின்றுவிடுமானால் அது நியாயமன்று, சுயநலமே.

செய்ய வேண்டுவன

ஆதலால் நாம் கேட்பவை நான்கு. முதலாவது, தருமபுரி ஏரிகளுக்கு நீர் வேண்டும். ஆனால் அது மேட்டூர் நிரம்பி மிஞ்சிப் பெருகும் வெள்ளத்தின் உச்சியிலிருந்து எடுக்கப்பட வேண்டும். சேலம் ஜில்லாவில் 565 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 100 ஏரிகளுக்கு மேட்டூர் உபரி நீரைக் கொண்டுசெல்லும் திட்டம் 2021-இல் துவக்கப்பட்டது. நமக்கும் அதுபோன்ற ஒன்று ஏன் கூடாது? பெருவெள்ளத்தின் ஒரு பகுதியை எடுப்பதனால் கழி சாகாது. சிறு நீரையும் விடாமல் மறிப்பதனால்தான் சாகும்.

இரண்டாவது, சுற்றுச்சூழலுக்கென ஒதுக்கிய 10 டி.எம்.சி. நீரில் கழிகளுக்கு இவ்வளவு என்று பிரித்து, மாதவாரியாகக் கணக்கிட்டு, அது சென்று சேர்ந்ததா என்பதைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். மூன்றாவது, டெல்டாவின் கடைமடை வாய்க்கால்களையும் முகத்துவாரங்களையும் தூர்வாரும் வேலையை, அவற்றை நன்கு அறிந்த கழியோரத்தாரின் யோசனையைக் கேட்டே செய்ய வேண்டும். நான்காவது, கழியில் கையாலும் சிறு வலையாலும் பிடிப்போரின் பாத்தியதை எழுத்தில் நிலைநாட்டப்பட வேண்டும். பிச்சாவரத்துக்கு 2022-இல் ராம்சார் என்னும் சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. அந்தஸ்து காட்டுக்கு மட்டும் வந்து, காட்டோடு வாழ்பவனுக்கு வாராதிருப்பது தர்மமன்று.

முத்துப்பேட்டைக்குக் கிழக்கே, அதே சதுப்புக் கரையில் வேதாரணியம் இருக்கிறது. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து சென்று அங்கே உப்பள்ளிய தொண்டர்களுக்குத் தலைமை தாங்கிய ராஜாஜி, அன்று நமது பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த தொரப்பள்ளியில் பிறந்தவர். மேட்டு நிலத்தில் பிறந்த ஒருவர், கடற்கரை ஏழையின் ஒரு பிடி உப்புக்காகச் சிறை புகுந்தார். உப்பு தம் ஊரில் விளையவில்லையே என்று அவர் யோசிக்கவில்லை. அந்தப் பரம்பரையில் வந்தவர்கள் நாம் என்று மார்தட்டிக்கொள்ளும் தொண்டர்கள், அடுத்த முறை ஒகேனக்கல் வெள்ளத்தைக் காட்டி மேடையேறும்போது, "எங்கள் ஏரிக்கும் கொடு, அந்தக் கழிக்கும் கொடு" என்று கேட்கட்டும். அவ்வாறு கேட்டால் நமது கோரிக்கைக்குக் கழியோரத்துக் குப்பங்களிலிருந்தும் ஆதரவு எழும். ஆற்றின் தலைமாட்டிலிருப்பவனும் கால்மாட்டிலிருப்பவனும் ஒன்றாகக் கேட்டால், மறுக்கத் துணியும் சர்க்கார் எதுவுமில்லை.